கிறிஸ்மஸ் இரவும் பேய்க் கதையும்: விளக்கு, கண்ணாடி, சீட்டுக்கட்டு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கோவில் எழும்பிய வரலாறும், பங்குக் குருக்களின் வரிசையும், பக்த சபைகளின் ஆண்டறிக்கையும் இடம்பெறும் ஜூபிலி மலரில் பேய்க் கதைக்கு என்ன வேலை என்று நம் பங்கு மக்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் டிசம்பர் 24-ஆம் நாள் பொழுது சாய்ந்ததும் மேட்டுக் கிராமங்களிலிருந்து கம்பளியும் பந்தமுமாக இறங்கி வந்து, நடுச்சாமப் பூசைக்கு மணி அடிக்கும் வரை கோவில் முற்றத்தில் கணப்பைச் சுற்றிக் குந்தியிருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த நான்கைந்து மணி நேரத்தில் செபமாலை ஒரு பங்கு, பாட்டு ஒரு பங்கு, மீதியெல்லாம் கதைதான். அதிலும் பாதிக்கு மேல் பேய்க் கதை. சம்மனசானவர் இடையர்களுக்குத் தோன்றியபோது அவர்களும் இப்படித்தான் குளிரில் விழித்திருந்தார்கள். வானதூதர் முதலில் செய்ததும் அவர்களுடைய பயத்தைத் தெளிவித்ததுதான் என்பதை நினைவிற் கொண்டால், இந்தப் பொருள் நம் திருநாளுக்கு அத்தனை அந்நியமன்று என்பது விளங்கும்.

பழனி மலைத்தொடரின் மேற்றளம் ஏறக்குறைய 7000 அடி உயரம். டிசம்பர் இரவில் வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே போய்விடும். பள்ளங்களில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாய்ப் படியும். 1821-இல் நில அளவை செய்ய வந்த வார்டு துரையும், 1845-இல் மதுரையிலிருந்து மேலே வந்து முதல் இரண்டு வீடுகளைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும், 1866-இல் எழுந்த சலேத் மாதா கோவிலும், 1895-இல் சேசு சபையார் செண்பகனூரில் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும் நம் மக்கள் நன்கறிந்தவை. இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலைக்கு வந்தது சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தப்பிக்கவே. மார்கழிக் குளிர் மலையிலேயே கிடந்தவர்களுக்கு உரியது: குன்னுவர், பளியர், புலையர், தோட்டத் தொழிலாளர், செண்பகனூர்ச் சாமியார்கள்.

பயப்படுவதற்கு இங்கே பஞ்சமில்லை. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் நடந்தவர்கள் பாறை முகடுகளில் நான்கு கற்பலகை நிறுத்தி, மேலே ஒரு பலகை மூடிய சிறு வீடுகளைக் கண்டிருப்பீர்கள். குள்ளர் வீடு என்பார்கள் சிலர். பாண்டவர் வீடு என்பார்கள் சிலர். மாலை மயங்கியபின் அந்தப் பக்கம் போகாதே என்பார்கள் எல்லாரும். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஈமச் சின்னங்கள். செண்பகனூரில் வாழ்ந்த சேசு சபைக் குருக்களான ஆங்கிலாட் சுவாமியும் நியூட்டன் சுவாமியும் அவற்றை ஒவ்வொன்றாய் அளந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பேய் வீடு என்று ஊரார் விலகிய இடத்துக்கு இரண்டு சாமியார்கள் அளவு நாடாவுடன் போனார்கள் என்பது நமக்குப் பெருமையான செய்தி. ‘குணா’ திரைப்படம் 1991-இல் வந்தபின் குணா குகை என்று பெயர் மாறிவிட்ட பாறைப் பிளவையும் வெள்ளையர்கள் பிசாசின் அடுப்படி என்றே அழைத்தார்கள். அந்தக் குகையைப் பொறுத்தவரை பயம் நியாயமானது. அங்கே மனிதரை விழுங்கியது பிசாசு அல்ல, ஆழம்.

இவை எல்லாவற்றையும்விட விந்தையானது கோக்கர்ஸ் வாக்கில் எப்போதாவது தோன்றும் உருவம். கோக்கர் என்னும் ராணுவ அதிகாரி 1872-இல் அமைத்த அந்த நடைபாதையில், முதுகுக்குப் பின்னால் வெயில் தாழ்ந்து அடிக்க, முன்னால் பள்ளத்தாக்கில் மூடுபனி நிரம்பி நிற்கும் நேரம் வாய்த்தால், மேகத்தின் மேல் மிகப் பெரிய கருத்த உருவம் ஒன்று எழுந்து நிற்கும். கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம். ஜெர்மனியில் பிராக்கன் என்னும் மலையில் இதைக் கண்டு 1780-இல் ஒருவர் எழுதி வைத்ததால், உலகெங்கும் இதற்குப் பிராக்கன் பூதம் என்று பெயர். சூனியக்காரிகள் கூடும் மலை என்று ஜெர்மானியர் அஞ்சிய மலை அது. உருவம் நம்முடைய நிழல்தான், பனித்துளிகள் திரையாகின்றன, அதே துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வளையம் தோன்றுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றித்தான் ஒளிவளையத்தைக் காண்பார், அடுத்தவர் தலையில் காணமாட்டார். அர்ச்சியசிஷ்டவர் பட்டம் தமக்கே கிடைத்ததாக எண்ணிவிடுபவர் நம்மிடையே இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

மலையின் கதை இப்படியிருக்க, கிறிஸ்மசையும் பேயையும் அச்சில் இணைத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ என்ற அவருடைய சிறு நூல் 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்து, கிறிஸ்மசுக்குள் ஆறாயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தது. கஞ்சக் கிழவன் ஒருவனிடம், செத்துப்போன கூட்டாளி சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். பின்னர் மூன்று ஆவிகள் வந்து அவனுடைய நெஞ்சைத் திறக்கின்றன. இங்கிலாந்தில் மாரிக்காலத்தில் பேய்க் கதை சொல்வது டிக்கன்சுக்கு வெகு காலம் முன்பே இருந்த வழக்கம். காரணம் எளிது: டிசம்பர் இறுதியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இராது. நமக்கோ அப்போதும் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. ஆகவே நம் பேய்க் கதை இருட்டின் நீளத்தால் வந்ததன்று. பூசைக்குக் காத்திருந்ததால் வந்தது. இந்த வேற்றுமையைச் சிலர் கவனிப்பதில்லை.

டிக்கன்ஸ் வித்தைக்காரருமாவார் என்பது பலருக்குத் தெரியாது. நூல் வெளிவந்து ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 26-ஆம் நாள், மக்ரெடி என்ற நடிகர் வீட்டில் குழந்தைகள் கூடிய விருந்தில் அவர் ஒரு கனவானின் தொப்பியை வாங்கி, அதில் மாவையும் முட்டையையும் கொட்டி, ஆவி பறக்கும் பிளம் புட்டிங்கை எடுத்துக் காட்டினார். தொப்பியில் ஒரு கறை இல்லை. இத்தகைய வித்தையில் சூட்சுமம் இதுதான்: தொப்பிக்குள் இரகசியமாய் இறங்கும் தகரக் குவளை ஒன்று மாவை வாங்கிக்கொள்ளும், பலகாரம் முன்பே வெந்து தயாராயிருக்கும். 1849-இல் அவர் மறுபடியும் வித்தை காட்டியபோது தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ரையா ராமா ரூஸ்! இது எங்கிருந்து வந்த பெயர்? அக்காலத்து லண்டன் முழுதும் அறிந்த இந்திய வித்தைக்காரர் ஒருவர் இருந்தார். பந்து எறிந்து பிடிப்பதிலும் வாளை விழுங்குவதிலும் பேர்போன அவரை ஆங்கிலேயர் ராமோ சாமி என்று எழுதினார்கள். 1819-இல் அமெரிக்காவரை சென்று வந்தார்; 1850-இல் லண்டனில் வறுமையில் இறந்தார். ராமசாமி என்ற பெயர் தென்னாட்டுப் பெயர் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? டிக்கன்சின் வேடப் பெயரில் இந்த ராமசாமியின் சாயல் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். சந்தைக்குச் சந்தை செப்படி வித்தை காட்டிய நம் மக்களின் கைத்திறன் கடல் கடந்து போனது. அதற்குக் கிடைத்த கூலி என்னவோ சொற்பமே.

வித்தையும் பேயும் கிறிஸ்மசும் ஒரே மேடையில் கூடியது 1862-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று. லண்டனில் ராயல் பாலிடெக்னிக் என்ற விஞ்ஞானக் காட்சி நிலையத்தில், பெப்பர் என்ற இரசாயன ஆசிரியர் டிக்கன்சின் மற்றொரு கிறிஸ்மஸ் கதையை நடத்திக் காட்டினார். மேடையில் உயிருள்ள மனிதனுக்குப் பக்கத்தில் ஊடுருவிப் பார்க்கத்தக்க ஓர் ஆவி வந்து நின்று மறைந்தது. இந்த முறையை நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தவர் டர்க்ஸ் என்ற பொறியாளர். ஆனால் பெயர் பெப்பருக்கே நிலைத்தது. உலகில் இதெல்லாம் சகஜம்.

இதன் சூட்சுமத்தை நம் மக்கள் எல்லாரும் அனுபவித்திருக்கிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து இரவுப் பேருந்தில் காட் ரோடு ஏறும்போது சன்னலைப் பாருங்கள். உள்ளே விளக்கு, வெளியே இருட்டு; பக்கத்து இருக்கைக்காரர் முகம் கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கின் மேல் மிதந்துகொண்டே வரும். ஓட்டுநர் விளக்கை அணைத்தால் முகம் மறைந்து, தூரத்துச் சமவெளி விளக்குகள் தெரியும். பெப்பரும் இதைத்தான் செய்தார். மேடைக்கு முன்னால் பெரிய கண்ணாடிப் பலகை சாய்த்து நிற்கும். அதற்குக் கீழே சபையோர் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் வெள்ளை உடுத்திய நடிகன். அவன்மேல் பலத்த ஒளி பாய்ச்சினால் அவன் பிம்பம் மேடையில் நிற்கும். ஒளியைக் குறைத்தால் கரைந்துவிடும். பெப்பர் முதலில் காட்சி முடிந்ததும் இரகசியத்தை விளக்கிவிட எண்ணியிருந்தார். சபையோர் பிரமித்ததைக் கண்டு விளக்காமல் விட்டுவிட்டார். இந்த இடத்தில்தான் நமக்கு அவரோடு சிறிது வழக்கு உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

ஒளியால் உருவம் காட்டும் கலையில் நம் திருச்சபையார் பிந்தியவர்கள் அல்லர். உரோமைக் கல்லூரியில் கணிதம் போதித்த கிர்ச்சர் என்ற சேசு சபைக் குரு, ஒளியும் நிழலும் பற்றித் தாம் எழுதிய பெருநூலின் 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில், விளக்கும் வில்லையும் கொண்டு சுவரில் படம் விழச் செய்யும் கருவியைப் படமாகவே வரைந்திருக்கிறார். அதில் சுவரில் விழும் படங்கள் எவை தெரியுமா? உத்தரிக்கிற ஸ்தலத்து அக்கினியில் ஓர் ஆத்துமம். அரிவாளும் மணற்கடிகாரமும் ஏந்திய எலும்புக்கூடு! கருவியைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் 1659-லேயே செய்துவிட்டார். அவரும் தம் முதல் படங்களுக்கு எலும்புக்கூட்டையே வரைந்தார் என்பது ஆச்சரியம். நூறாண்டுக்குப் பின் பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் துரத்தப்பட்டு வெறுமையாய்க் கிடந்த பாரிஸ் கப்புச்சின் மடத்தில், ராபர்ட்சன் என்பவர் 1799 முதல் இதே கருவியால் பேய்களை வரவழைத்துக் காசு பார்த்தார். செபம் ஒலித்த மண்டபத்தில் கூக்குரல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பட விளக்கு தென்னிந்தியாவுக்கு வந்து, கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஊர் ஊராய்த் தூக்கிச் சென்றனர். வெள்ளை வேட்டியே திரை. ஒருவர் கண்ணாடிச் சில்லை மாற்ற, உபதேசியார் பக்கத்தில் நின்று கதை சொல்வார். நம் மக்கள் இதைக் கண்டு மிரண்டு போனார்கள் என்று எழுதுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: மதுரைச் சீமையில் தோற்பாவைக் கூத்து இருந்தது. விளக்கு, திரை, நிழல், பின்னால் பாட்டும் வசனமும் எல்லாம் பழகிய கண்கள்தாம் அவை. சேசுநாதரின் பாடுகளைப் பாஸ்காகவும், மூன்று இராசாக்கள் கதையை நாடகமாகவும் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, படம் சுவரில் வருவது புதுமை, கதை பழையது.

அந்தப் பட விளக்கின் வாரிசு சினிமா. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோயுற்று ஊர் திரும்பியபோது அவருடைய படக் கருவியையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அதில் முக்கியமானது சேசுநாதரின் வாழ்க்கைப் படம். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு இந்தியா முழுதும் சுற்றினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். பேசாத படமாதலால் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னால்தான் புரியும். தமிழ்நாட்டில் சினிமாவின் தொடக்கத்தில் பெத்லகேம் குடில் இருந்தது என்பதை நம் இளைஞர் சங்கத்தார் கவனிப்பார்களாக.

இனிக் கைவித்தை. இதில் நமக்கு ஒரு புனிதரே உண்டு. 1815-இல் இத்தாலியில் பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்த தொன் போஸ்கோ, சிறுவனாயிருக்கும்போதே சந்தை வித்தைக்காரர்களைக் கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டு, வீட்டருகே மரங்களுக்கிடையே கயிறு கட்டி நடந்தும், முட்டையைப் பெருக்கியும், காசை மறைத்தும் காட்டினார். ஆனால் கட்டணம் உண்டு: முதலில் செபமாலை, பிறகு காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கம், அதற்குப் பின்தான் வித்தை. செபிக்காதவனுக்கு வேடிக்கை இல்லை. பின்னர் கியேரி நகரில் மாணவராயிருக்கையில், இவன் சூனியக்காரன் என்று புகார் போய், பூர்சியோ என்ற மூத்த குரு அழைத்து விசாரித்தார். மணி என்ன சுவாமி என்று பையன் கேட்டான், கடிகாரத்தைக் காணோம். ஒரு காசு கொடுங்கள் என்றான், பணப்பையையும் காணோம். குருவானவர் கோபத்தின் உச்சிக்குப் போகுமுன், இரண்டையும் விளக்கின் மூடிக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, எப்போது எப்படி எடுத்தேன் என்று விளக்கினான். அவர் சிரித்துவிட்டார், வழக்கும் முடிந்தது. முடிந்தது எதனால்? விளக்கியதால்.

அதே தொன் போஸ்கோ வாழ்வில் பேய்க் கதைக்காரர்கள் விடாமல் சொல்லும் நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. அவரும் கொமொல்லோ என்ற குருமட நண்பரும், முதலில் இறப்பவர் மறு உலகச் செய்தி கொண்டு வருவது என்று ஒப்பந்தம் செய்திருந்தனர். கொமொல்லோ 1839 ஏப்ரல் 2-இல் இறந்தார். மறுநாள் இரவு படுக்கையறையே அதிரும் பேரொலியும் வெளிச்சமும் வந்து, தாம் இரட்சிக்கப்பட்டதாக நண்பரின் குரல் கேட்டது என்று புனிதரே எழுதி வைத்தார். அறையிலிருந்த மற்றவர்களும் எழுந்து ஒண்டினார்கள். கதை சொல்வோர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர் மேலும் எழுதியது இது: அந்தத் திகிலால் நெடுநாள் நோயில் கிடந்தேன், இத்தகைய ஒப்பந்தம் யாரும் செய்ய வேண்டாம்.

சீட்டுக்கட்டைப் பற்றிப் பேசினால் நம் தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணமும் நமக்குத் தெரியும். 1423-இல் பொலோஞா நகரில் புனித பெர்நார்தீனார் சூதாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கிக்க, மக்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து தீயிலிட்டார்கள். சீட்டு வரைந்து பிழைத்த ஓவியன் ஒருவன் வயிற்றுக்கு என்ன செய்வேன் என்று வந்து நிற்க, சேசுவின் திருநாமத்துக்குரிய மூன்றெழுத்தைக் கதிரவன் நடுவே வரைந்து கொடுத்து, இதை எழுதி விற்றுப் பிழைத்துக்கொள் என்றார் என்பர். நம் பீடங்களில் காணும் அந்த ஐ.எச்.எஸ். முத்திரையைப் பரப்பியவர் அவரே. அதற்கு எதிர்ப்பக்கம் இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் கதை ஒன்றுண்டு. பூசை நேரத்தில் சீட்டை விரித்து வைத்திருந்த போர்வீரன் விசாரணைக்கு நிறுத்தப்படுகிறான். இதுதான் என் செபப் புத்தகம் என்கிறான். ஒன்று என்றால் ஒரே சர்வேசுரன், மூன்று திரித்துவம், நான்கு சுவிசேஷகர், ஐந்து விவேகமுள்ள கன்னியர், எட்டு நோவாவின் பேழையில் தப்பியவர், ஒன்பது நன்றி மறந்த குஷ்டரோகிகள், பத்துக் கற்பனைகள். 52 சீட்டு, 52 வாரம். நான்கு வகை, நான்கு பருவம். புள்ளிகளைக் கூட்டினால் 365 நாள் என்பான். நாம் கூட்டிப் பார்த்தோம்: ராசா, ராணி, சேவகனுக்கு முறையே 13, 12, 11 வைத்தாலும் 364-தான் வருகிறது, ஜோக்கரையும் சேர்த்தால்தான் 365. ஞானோபதேச வகுப்பில் எண்களை நினைவில் நிறுத்த இது நல்ல உபாயம். கட்டை வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பெப்பரோடு நமக்குள்ள வழக்குக்கு வருவோம். நாம் முன்பு ஊழியம் செய்த மலைக் கிராமம் ஒன்றில், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று ஒரு விதவைத் தாய் மந்திரவாதியை அழைத்தாள். அவன் எலுமிச்சம்பழத்தைக் குழந்தையின் தலையைச் சுற்றி அறுத்தான். இரத்தம் போல் சிவப்பாய் வடிந்தது. செய்வினை இருக்கிறது, எடுக்க இவ்வளவு ஆகும் என்றான். அவள் காதுத் தோட்டை விற்றாள், ஆட்டையும் விற்றாள். பிள்ளையைப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கையில் காசில்லாமல் போன பின்புதான் செய்தி நம் காதுக்கு வந்தது. பிள்ளை பிழைத்தது, நான்கு நாள் தாமதம் அதற்கு ஒரு காதின் செவிப்புலனைப் பறித்துவிட்டது. கத்தியில் முன்பே செம்பருத்திப் பூவைத் தேய்த்து உலர்த்தியிருந்தால் எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவக்கும். இவ்வளவுதான் அந்த இரத்தம். அடுத்த ஞாயிறு பிரசங்க நேரத்தில் பீடத்துக்கு முன்னால் நாமே ஒரு பழத்தை அறுத்துக் காட்டினோம். முன் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் எழுந்து, சாமிக்கும் மந்திரம் தெரியும் போலிருக்கிறது என்றார். பூவையும் கத்தியையும் அவர் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொன்ன பிறகுதான் தெளிந்தார்.

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1978-இல் மறையும் வரை இத்தகைய மோசடிகளை மேடைதோறும் அவிழ்த்துக் காட்டியவர். குருவானவர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்து நாத்திகரானவர். நம் பாசறையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் எலுமிச்சம்பழ விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2117-ஆம் எண்ணில் மந்திரம், செய்வினை ஆகியவற்றோடு தாயத்துக் கட்டுவதையும் கண்டிக்கிறது. கைவித்தையை அது தொடவில்லை. வித்தையை வித்தையென்று சொல்லிக் காட்டுகிறவன் யாரையும் ஏய்ப்பதில்லை. ஆகவேதான் நம் பங்கில் கிறிஸ்மஸ் இரவு நிகழ்ச்சியில் பேய்க் கதை சொல்லலாம், விளக்கை அணைக்கலாம், அலறலாம். ஆனால் பூசை மணிக்கு முன் ஒவ்வொரு வித்தையின் சூட்சுமத்தையும் சிறுவர்களுக்குத் திறந்து காட்டிவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நடுச்சாமத்தில் பீடத்தில் நடப்பதை யாரும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா?

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு: சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமேல் செங்குத்தாய் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் புத்தகத்தால் மறையுங்கள். பின்னால் அதே ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளை. அறையை இருட்டாக்கினால் சுடர் தண்ணீருக்குள் எரியும். தூரம் இரண்டும் சமமாயிருப்பது முக்கியம். கண்ணாடி ஓரங்களில் துணி சுற்றுவது அதைவிட முக்கியம்.

ஜூபிலி ஆண்டுக் குடிலிலும் இதையே சற்றுப் பெரிதாகச் செய்ய இளைஞர் சங்கத்தார் ஏற்பாடு செய்துள்ளனர். பழைய அலமாரிக் கண்ணாடி குறுக்காகச் சாய்ந்து நிற்கும். பக்கத்தில் கறுப்புத் துணி ஒட்டிய பெட்டிக்குள் சம்மனசு சுரூபமும் ஒரு விளக்கும் இருக்கும். விளக்கு எரிந்தால் இடையர்களுக்கு மேலே சம்மனசு தோன்றும், அணைந்தால் மறையும். குடிலின் பின்பக்கம் போய்ப் பெட்டியைப் பார்க்கச் சிறுவர்களுக்கு வழி விட்டிருக்கிறோம். வரிசையில் வரவும், கண்ணாடியில் கை வைக்க வேண்டாம்.